முதலில் வெட்டிய மரங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப் பனை. தொழிலாளிகள் குடியிருந்த லயங்களை இடித்து வெகுநாள் ஆகிறது. மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. போன தீபாவளிக்கு மறுநாள் என் தங்கை மகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிற பெண். மண்டபத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த காற்றாடியைக் காட்டினாள். மூன்று இறக்கையிலும் சிவப்புச் சாயத்தில் ‘உபயம்’ என்று போட்டு ஒரு குடும்பத்தின் பெயர்.

“மாமா, இத வாங்கிக் கொடுத்தவங்க நமக்குக் காத்து வரணும்னு கொடுத்தாங்களா, அவங்க பேரு தெரியணும்னு கொடுத்தாங்களா?”

“ரெண்டுந்தான்மா.”

“அப்ப அது தானம் இல்ல. விளம்பரம்.”

அன்று மாலை தொடங்கிய பேச்சு அவள் விடுமுறை முடிந்து கிளம்பும்வரை ஓயவில்லை. அவள் போன பிறகும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டறையில் ஒரு மோட்டாரின் செயினைக் கழற்றிக்கொண்டே அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். 1964-இல் வில்லியம் ஹாமில்டன் என்கிற ஆங்கிலேய உயிரியலாளர் ஒரு கணக்குப் போட்டார். ஓர் உயிர் இன்னொன்றுக்காக நஷ்டப்படுகிற குணம் எப்படித் தலைமுறை தலைமுறையாக அழியாமல் வருகிறது? பெறுபவருக்குக் கிடைக்கும் லாபத்தை இருவருக்கும் உள்ள ரத்த உறவின் அளவால் பெருக்க வேண்டும். வருகிற தொகை கொடுப்பவரின் நஷ்டத்தைவிட அதிகமாக இருந்தால் அந்தக் குணம் நிலைக்கும். கூடப் பிறந்தவர் என்றால் பாதி, சித்தப்பா பிள்ளை என்றால் எட்டில் ஒரு பங்கு. அப்புறம் 1971-இல் ராபர்ட் டிரைவர்ஸ் என்பவர் சொந்தமில்லாதவர்களுக்கும் ஒரு கணக்குப் போட்டார். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. மத்திய அமெரிக்காவில் ரத்தம் குடிக்கிற வௌவால்கள் இருக்கின்றனவாம். இரை கிடைக்காமல் பட்டினியோடு திரும்பிய கூட்டாளிக்குத் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்குமாம். இன்னொரு நாள் தனக்குப் பட்டினி என்றால் அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

“ரத்தம், கடன், பேரு. இந்த மூணுல ஒண்ணு இல்லாம யாரும் யாருக்கும் எதுவும் செய்யறதில்ல மாமா. நாம ஒத்துக்க மாட்டோம், அவ்வளவுதான்.”

அவள் திமிராகச் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. அதனால்தான் கோடி வீட்டுப் பெரியம்மாவின் கதையை அவளிடம் சொன்னேன். அவளுடைய அம்மாவுக்கே அந்தக் கதை சரியாகத் தெரியாது. அப்போது என் தங்கை ஆயாக் கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விடுகிற வயது.

1978, எனக்குப் பத்து வயது. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. அம்மா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர். அப்பா மருந்தடிக்கும் கும்பலில் இருந்தார். ஒரு நாள் பால் வாளியோடு வாய்க்கால் கட்டையைத் தாண்டும்போது அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு உளியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மரம் வெட்டாவிட்டால் சம்பளம் இல்லை. எத்தனை ராத்தல் பால், அதில் எவ்வளவு ரப்பர் என்று பார்த்துத்தான் கூலி. அம்மாவுக்கு ஒதுக்கிய மரவரிசையை நிரை என்போம். அதில் பாதியை மண்டோர், அதாவது கங்காணி, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மீதிப் பாதி, சுமார் இருநூற்றைம்பது மரம். அதை யாராவது வெட்டி அம்மா பெயரில் எடை போட்டால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் தன் ஐந்நூறு மரத்தை வெட்டி, மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கு மங்காகப் பால் எடுத்து, தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோகிற யாருக்கு இன்னொரு இருநூற்றைம்பது மரம் வெட்டத் தெம்பு இருக்கும்?

அன்று ராத்திரி கோடி வீட்டுப் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. என் அம்மாவும் அவரும் பேசிக்கொள்வதை நிறுத்தி அப்போது ஏறக்குறைய ஒரு வருஷம். எங்கள் கோழி அவருடைய கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது, அவர் கல்லால் அடித்ததில் கோழி செத்துவிட்டது. பைப்படியில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் நாங்கள்தான் நடுவில் தண்ணீர் பிடித்துக் கொடுப்போம். அப்படிப்பட்டவர் வாசலில் நின்றபடியே என் அப்பாவிடம், “காலையில பையன அனுப்புங்க. மங்கு துடைக்க ஆள் வேணும்,” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். மழை பெய்து மரம் நனைந்திருக்கிற நாட்களில் வெட்டு இல்லை. மற்ற நாளெல்லாம் போனேன். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு அவர் முன்னால் போவார், நான் டார்ச் லைட்டோடு பின்னால். ஒவ்வொரு மரத்திலும் நான் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்குப்பையில் போட்டு, மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். அவர் உளியை வைத்து ஒரே இழுப்பில் கீழ்நோக்கி இழுப்பார். தாள் கனத்துக்குப் பட்டை சுருண்டு விழும். அரை நொடி ஒன்றும் இருக்காது. அப்புறம் கோடு முழுக்க வெள்ளைப் பொட்டுகள் எழும், ஒன்றோடொன்று சேரும், வழிந்து தகரத்தில் இறங்கி மங்கில் சொட்டும். கொசு மொய்க்கும். அவர் கழுத்தில் ஈரத்துணி போட்டிருப்பார், அதில் புளித்த பால் நாற்றம். எனக்கு அந்த நாற்றம் இன்றைக்கும் பிடிக்கும்.

அந்த ஆறு வாரமும் எந்த மரத்தை முதலில் வெட்டினார்? அம்மாவின் மரங்களை. அதை முடித்துவிட்டுத்தான் தன் நிரைக்குப் போவார். அப்போது கிழக்கே வெளுத்திருக்கும். தன் கடைசி மரங்களுக்கு அவர் வரும்போது வெயில் நன்றாக ஏறிவிடும்.

பத்து வயதில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து நிரை முதலில், தன் நிரை அப்புறம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மூன்று மாதம் நானே மரம் வெட்டப் போனபோதுதான் புரிந்தது. ஒரு நாள் தூங்கிவிட்டு எட்டு மணிக்கு மேல் வெட்டினேன். மங்கில் பாதிகூட இல்லை. அங்கிருந்த பெரியவர் சொன்னார், “இருட்டுல மரம் நெறஞ்சு நிக்கும். வெயில் வந்தா பால் நின்னுரும்.” ராத்திரியில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பகலில் இலை வழியே நீர் போகப் போக அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். பால் வெட்டுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். கோடி வீட்டுப் பெரியம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்று வெட்டுக்கோட்டில் விளக்கு வெளிச்சம் விழுந்தது போல எனக்குள் ஒன்று தெரிந்தது. நல்ல பாலை அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, நிற்கப்போகிற பாலைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி பெரியம்மாவின் வாளியை எடை போட்டுவிட்டு, “என்னம்மா, உன் பால் இப்படிக் குறையுது? மரத்தக் காயப்படுத்துறியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பெரியம்மா, “மழைங்கய்யா,” என்றார். அதே வரிசையில் அம்மாவின் பாலையும் கிராணிதான் எடை போட்டார். அது குறையவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் என் தங்கை மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் படித்த பெண்ணாயிற்றே, ஆரம்பித்தாள்.

ரத்தம் கிடையாது, அதை அவளே தள்ளிவிட்டாள். கடன்? “பாட்டி பின்னாடி திருப்பிச் செஞ்சிருப்பாங்க. செய்வாங்கன்னு அவங்க எதிர்பார்த்திருக்கலாம்.” பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்குள் கடன் கொடுக்க யார் துணிவார்கள்? அதோடு, 1981-இல் நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டே வந்துவிட்டோம். அம்மா திருப்பிச் செய்தது ஒன்றுதான், கட்டு அவிழ்க்காத கையோடு ஒரு கிண்ணம் கோழிக்கறி கொடுத்தனுப்பியது. கிண்ணம் சீனியோடு திரும்பி வந்தது. வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது இல்லையா. அதற்கப்புறமும் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

பெயர்? லயத்தில் எல்லோருக்கும் அவர் அம்மாவுக்காக வெட்டுவது தெரியும். பாராட்டினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாராட்டு வெட்டியதற்கு. எதை முதலில் வெட்டினார் என்பது யாருக்கும் தெரியாது. தன் மரத்தை முதலில் வெட்டிவிட்டு அம்மாவுடையதை வெயிலில் வெட்டியிருந்தாலும் அதே பாராட்டு கிடைத்திருக்கும், கூலியும் குறைந்திருக்காது, கிராணியிடம் திட்டும் வாங்கியிருக்க வேண்டாம்.

“நீங்க பார்த்தீங்களே மாமா.”

“பத்து வயசுப் பையனுக்கு அது புரியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்மா.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடனாகச் செய்வது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஊர்க்காரன் அப்படி நினைக்கவே முடியாது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில், தொழிலாளிகள் தெருவுக்கு வந்தபோது, எங்கள் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். என் அப்பாவும் கட்டினார். பங்குப் பத்திரத்தை மைலோ டின்னில் வைத்திருந்தார். அது எனக்கும் உனக்கும் சேர்த்து நல்லது என்கிற கணக்கு. அந்தக் கணக்கில் பல குடும்பங்கள் பிழைத்தன. நான் மதிக்கிறேன். ஆனால் அது வேறு, மரத்தை முதலில் வெட்டியது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயரை வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ரத்தம், கடன், பெயர் மூன்றும் போன பிறகு நாலாவதாக ஒன்றை எடுத்தாள். எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள் என்று நினைக்கிறேன். “சரி மாமா, அவங்களுக்கு மனசுக்குத் திருப்தி கிடைச்சிருக்கும். செய்யாம விட்டிருந்தா உறுத்தியிருக்கும். அந்த உறுத்தல் வேணாம்னு செஞ்சாங்க. அதுவும் சுயநலந்தான்.”

இந்த வாதத்துக்கு முன்னால் பல வருஷமாக நானே வாயடைத்துப் போயிருக்கிறேன். இந்த முறை பட்டறையில் யோசித்து யோசித்து ஒரு பதில் கிடைத்தது. மரவள்ளிக்கிழங்கு வெந்து இறக்கினால் அந்த ருசி யாருக்குத் தெரியும்? பசித்தவனுக்கு. பசி முதலில், ருசி அப்புறம். ருசிக்காகப் பசித்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே மாதிரி, என் அம்மா வீட்டில் உலை கொதித்தால் பெரியம்மாவுக்கு ஏன் திருப்தி வர வேண்டும்? அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்கிற அக்கறை முன்னாலேயே இருந்தால்தானே வரும்? அக்கறை இல்லாதவனுக்கு உதவியிலும் திருப்தி இல்லை, உதவாமல் போனதில் உறுத்தலும் இல்லை. அப்படியானால் திருப்தியைக் காட்டிச் சுயநலம் என்று சொல்வது, ருசியைக் காட்டிப் பசியே இல்லை என்று சொல்வது மாதிரி.

இதைத் தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். சிரித்தாள். “மாமா, இத ஜோசப் பட்லர்னு ஒரு ஆங்கிலேயப் பாதிரியார் 1726-லயே சொல்லிட்டாரு.” எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் இன்னொருவரும் இதே இடத்தில் வந்து நின்றிருக்கிறார். நம்மிடமும் இருக்கிறது. வள்ளுவர் ‘ஈத்துவக்கும் இன்பம்’ என்கிறார். கொடுத்து மகிழ்கிற மகிழ்ச்சியை அவர் ஒளிக்கவில்லை, அது கொடையைக் கெடுத்துவிடும் என்றும் நினைக்கவில்லை.

அவளும் விடுகிறவள் இல்லை. தனக்கு எதிரான சான்றையும் அவளே தேடி அனுப்பினாள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் டேனியல் பேட்சன் குழு செய்த சோதனை. எலேன் என்கிற பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதைத் திரையில் பார்க்க வைத்தார்கள். உண்மையில் அது நடிப்பு, பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவளுக்குப் பதிலாக நீங்கள் உட்காருகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாமென்றால் உடனே எழுந்து போகலாம், மிச்சத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். உறுத்தலிலிருந்து தப்பிப்பதுதான் நோக்கம் என்றால் எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு போயிருக்க வேண்டும். எலேன் தன்னைப் போன்றவள் இல்லை என்று நம்பவைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 18 பேர்தான் இடம் மாற்றிக்கொள்ள முன்வந்தார்கள். தன்னைப் போன்றவள் என்று நம்பியவர்களில் 91 பேர். கதவு திறந்திருந்தும் போகவில்லை.

“ஆனா மாமா, தன்னைப் போலன்னு நெனச்சதாலதான் செஞ்சாங்க. அப்ப அது தனக்கே செஞ்சது மாதிரின்னு இன்னொரு கூட்டம் சொல்லுது.”

சரி, இருக்கட்டும். கோழிச் சண்டையில் ஒரு வருஷம் முகம் பார்க்காத ஒருத்தியைத் தன்னைப் போல நினைக்க முடிகிறது என்றால், அந்த ‘தான்’ எவ்வளவு பெரியது! அதைச் சுயநலம் என்று கூப்பிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பேச்சுவாக்கில் அவள் ஜார்ஜ் பிரைஸ் என்பவரைப் பற்றிச் சொன்னாள். கேட்டதிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்கர், லண்டனில் வாழ்ந்தார். தியாகக் குணம் இயற்கையில் எப்படிப் பரவும் என்பதற்கு 1970-இல் அழகான சமன்பாடு ஒன்றைக் கண்டுபிடித்தார். பிறகு தன் பொருளையெல்லாம் வீடில்லாதவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போனார், அவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்தார், தானே வீடில்லாதவரானார். 1975 ஜனவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கணக்குதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு மனிதனின் துயரத்துக்குள் என்னென்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் கலப்பில்லாத நன்மை வேண்டும், ஒரு சொட்டு தனக்கென்று இருந்தாலும் அது நன்மை இல்லை என்று ஒருவர் தன்னையே அளக்க ஆரம்பித்தால் அது எவ்வளவு பயங்கரமான அளவுகோல் என்று மட்டும் தோன்றியது. எங்கள் பாலிலேயே தண்ணீர்தான் பாதிக்கு மேல். அதற்காக அதில் ரப்பர் இல்லை என்று யாரும் கொட்டிவிடவில்லை.

அவளை பாப்பான் என்கிற ஊருக்கும் ஒரு நாள் அழைத்துப் போனேன். ஈப்போ பக்கத்தில் கிட்டத்தட்டக் கைவிடப்பட்ட ஈயச்சுரங்க ஊர். மெயின் சாலை 74-ஆம் எண் கடைவீட்டில்தான் சிபில் கார்த்திகேசு என்கிற செவிலி இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் ராத்திரி ராத்திரியாகக் காட்டிலிருந்து வருகிற போராளிகளின் காயத்துக்குக் கட்டுப் போட்டார். 1943-இல் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, பெயர்களைச் சொல் என்றார்கள். அவர் சொல்லவில்லை. பிரிட்டிஷ் அரசு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. ஆனால் உடம்பு தேறவில்லை, 1948-இல் பிரிட்டனில் இறந்தார். அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு என் மருமகள், அதாவது தங்கை மகள், “அவங்க கத்தோலிக்கர், மாமா. மோட்சம் கிடைக்கும்னு நம்பிக்கை இருந்திருக்கும்,” என்றாள். ஆனால் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தபோது மனப்பாடம் செய்த புறநானூற்று வரி எனக்கு வந்தது. ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்.’ முடமோசியார் பாடியது. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவிக்கு ஆகும் என்று அறத்தை விலைபேசுகிற வியாபாரி இல்லை எங்கள் வள்ளல் ஆய் என்கிறார். பாருங்கள், என் மருமகள் கேட்கிற கேள்வியை அன்றைக்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வியாபாரம் ஊரில் நடந்திருக்கிறது. அதனால்தான் ‘இவர் அப்படி இல்லை’ என்று புலவர் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. அறவிலை வணிகர்களும் உண்டு, ஆய்களும் உண்டு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை இல்லையென்று ஆக்க முடியாது. மகள் நெருப்புக்கு மேலே தொங்கும்போது எந்தத் தாயும் மோட்சத்தின் விலையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

நான் பெரிய நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதையெல்லாம் எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கோலாகங்சார் சாலையில் ஒரு மலாய்ப் பையன் மோட்டாரோடு விழுந்து கிடந்தான். நான் ஒரு வாடிக்கையாளருக்கு அவசரமாக சாமான் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் காய்கறி வேனில் வந்த சீன அம்மா நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடிக் காட்சி இன்றும் எனக்குத் தூக்கத்தில் வரும். 1973-இல் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கிற மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்களாம். வழியில் ஒருவர் முனகிக்கொண்டு கிடப்பார். நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவினார்கள், ரொம்ப அவசரத்தில் இருந்தவர்களில் 10 பேர். இதை அவள் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இல்லை. என் அவசரம் என்னுடையதுதான். ஆனால் நாலு மணிக்கே எழுந்து, அவசரத்துக்கே இடம் கொடுக்காமல் நேரத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டவரை நினைத்துக்கொண்டேன்.

பிறவியிலேயே இருக்கிறதா என்று கேட்டால், குழந்தைகளைப் பற்றி அவள் சொன்னதைத்தான் சொல்வேன். 2006-இல் வெளிவந்த வார்னெக்கன், டோமசெல்லோ இருவரின் ஆய்வு. துணி காயப்போடுகிறவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவித்தால், ஒன்றரை வயதுக் குழந்தை தத்தித் தத்தி வந்து எடுத்துக் கொடுக்கிறது. மிட்டாய் இல்லை, பாராட்டு இல்லை. பிறகு நடந்த ஆய்வில், உதவுகிற குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்துப் பழக்கியபோது, பரிசு நின்றதும் உதவுவது குறைந்துபோனது. எங்கள் ஆயாக் கொட்டகைப் பாட்டியைக் கேட்டிருந்தால் ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்.

போன மாதம் கோடி வீட்டுப் பெரியம்மா இருக்கும் இடம் தெரிந்தது. பேரனோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் மலிவு விலை வீட்டில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. மருமகளும் விடுமுறைக்கு வந்திருந்தாள், அழைத்துப் போனேன். என்னைத் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னதும், “அந்தக் கோழிக்காரி மவனா?” என்றார். கோழியை மறக்கவில்லை. எத்தனை பாத்தி கீரை போனது என்று விரலை நீட்டிக் காட்டினார்.

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டாள். “பாட்டி, எங்க பாட்டிக்குக் கை ஒடஞ்சப்ப, நீங்க ஏன் அவங்க மரத்த மொதல்ல வெட்டுனீங்க?”

பெரியம்மா அவளை இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

“மொதல்ல வெட்டுனாத்தானம்மா பால் வரும்?”

“அப்ப உங்க மரம்?”

“அது என் மரந்தான.”

அவ்வளவுதான் பதில். மருமகள் அடுத்த கேள்வி கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டாள். பேரன் பாலில்லாத தேநீர், தே ஓ, கலக்கிக் கொண்டுவந்து வைத்தான். பெரியம்மா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, “வலது கைதான அவளுக்கு? அப்புறம் நல்லா கூடுச்சா? மழை நாள்ல வலிக்குமே,” என்றார்.

கூடியது என்றேன். அம்மா 2009-இல் தவறிவிட்டதையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு ஆள் அனுப்பியிருக்கக் கூடாதாய்யா,” என்றார். “வந்திருப்பேனே.”